ரோபோ போட்டியில் நடுவர் தவறாகப் புள்ளி குறைத்தால் என்ன செய்வது?

கேள்வி: பள்ளி மாணவர்கள் லெகோவில் செய்த ரோபோவைத் தானாக ஓடவிடும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில், ரோபோவைத் தொட்டதாகச் சொல்லி என் மகளின் அணியிடமிருந்து இரண்டு வட்டுகளை நடுவர் எடுத்துக்கொண்டார். இரண்டாவது முறை நடந்தது தவறு என்கிறாள். செல்போனில் வீடியோ இருக்கிறது. நடுவர் பார்க்க மறுத்துவிட்டார். இது நியாயமா?

பதில்: காட்பாடியில் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ பயிற்சி கொடுக்கிறேன். இந்தப் பக்கத்துச் சிறிய போட்டிகளில் நடுவராகவும் நின்றிருக்கிறேன். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது.

முதலில் கணக்கு. ஆட்டம் தொடங்கும்போது அணிக்கு 6 வட்டுகள்; முடிவில் மீதமிருப்பவற்றுக்குப் புள்ளி உண்டு. ரோபோ தன் வீட்டுப் பகுதிக்கு (மேசையில் அது புறப்படும் இடம்) வெளியே இருக்கும்போது கை பட்டால் ஒன்று போகும். முடிவில் 6 இருந்தாலும் 5 இருந்தாலும் 50 புள்ளிதான். பிள்ளைகள் பதற்றத்தில் ஒரு முறை கை வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தே எழுதிய விதி அது. எனக்கு மிகவும் பிடித்த விதியும் கூட. 4 ஆகிவிட்டால் 35. ஆகவே அந்த இரண்டாவது முடிவால் மட்டுமே உங்கள் மகளின் அணி 15 புள்ளி இழந்திருக்கிறது. இரண்டரை நிமிட ஆட்டத்தில் அது பெரிய இழப்பு.

வீடியோவைப் பார்க்க மறுத்ததைத் தவறு என்று சொல்லமாட்டேன். பார்வையாளர் வரிசையிலிருந்து எடுத்த படத்தில் ரோபோவின் சக்கரம் கோட்டுக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்று தெரியாது. எல்லா அணியின் பெற்றோரிடமும் படம் இருக்காது. பெரிய மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியிலும் நடுவர்கள் வீடியோ பார்ப்பதில்லை; கேள்வி கேட்க அணியின் சார்பில் ஒரு மாணவர்தான் வரலாம். ஆனால் லெகோ லீக்கில் இன்னொரு விதி இருக்கிறது: எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கமான நிலை என்றால், சந்தேகத்தின் பலன் அணிக்கே. ஆட்டம் முடிந்ததும் மேசை அருகிலேயே நடுவர் மாணவர்களோடு புள்ளிகளைச் சரிபார்ப்பார். பேச வேண்டிய நேரம் அதுதான். பேச வேண்டியவள் உங்கள் மகள்.

இதை எனக்குக் கற்பித்தது ஒரு எட்டாம் வகுப்புப் பெண். ஃபிளெக்ஸில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேல் ரோபோ ஓட வேண்டிய போட்டி. கோட்டைவிட்டு விலகியதைக் கையால் எடுத்து வைத்தால் முறைக்கு 5 விநாடி கூடும். மதியம் மூன்று மணிக்கு மேல், மேற்கு ஜன்னல் வழியாக நம் ஊர் வெயில் மூன்றாவது வளைவில் விழுந்தது. குடியாத்தத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணின் ரோபோ அங்கேயே மூன்று முறை தடுமாறியது. 15 விநாடி சேர்த்து எழுதினேன்.

"சார், காலையில் ஓடியவர்களுக்கு இங்கே வெயில் இல்லை" என்றாள்.

"சென்சாரைச் சரிசெய்து வைப்பது உங்கள் வேலை அம்மா" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ரோபோவை மடிக்கணினியோடு இணைத்து அதே வளைவில் வைத்தாள். திரையில் சென்சார் கறுப்புக் கோட்டை வெள்ளை என்று காட்டியது. நோட்டுப் புத்தகத்தை மேலே குடைபோலப் பிடித்தாள். கறுப்பு என்று மாறியது. எடுத்தாள்; மீண்டும் வெள்ளை. அந்தச் சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வெயிலிலும் அதே ஒளி கொட்டிக் கிடக்கிறது. எனக்கு அது தெரியாததா? தெரிந்தும் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னலைப் பழைய பேனரால் மறைத்து, வெயில் விழுந்த பிறகு ஓடிய நான்கு அணிகளையும் மறுபடி ஓடச் சொன்னேன். பரிசளிப்பு தாமதமானது, ஒரு தந்தை என்னிடம் சத்தம் போட்டார். முதலிடத்தில் இருந்த ஆரணி மாணவர்கள்தான் நாற்காலி மேல் ஏறி அந்தப் பேனரைக் கட்டிக் கொடுத்தார்கள். தங்கள் இடம் பறிபோகலாம் என்று தெரிந்தே செய்தார்கள். இதற்குத்தான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த உட்டி ஃப்ளவர்ஸ் ஃபர்ஸ்ட் போட்டிகளில் ஒரு பெயரைப் பரப்பினார்: பண்போடு கூடிய தொழில்நேர்த்தி. அந்தப் பெண்ணின் அணி கடைசியில் நான்காவதாக வந்தது. போகும்போது என்னிடம் வந்து, "நன்றி சார்" என்றாள்.

உங்கள் மகளிடம் இன்று ஒன்று கேட்டுப் பாருங்கள்: இரண்டாவது வட்டு போனபோது ரோபோ முழுவதும் வீட்டுக் கோட்டுக்குள் இருந்ததா? முழுவதும் உள்ளே இருந்தால் தொட்டதற்கு அபராதமே கிடையாது; ஒரு சக்கரம் வெளியே இருந்திருந்தாலும் உண்டு. அடுத்த போட்டிக்கு முன் அவளும் தோழிகளும் இந்த விதியைத் தாங்களே படிக்கட்டும். வீட்டில் நீங்கள் நடுவராக நின்று, வேண்டுமென்றே தவறாக ஒரு வட்டை எடுங்கள். அவள் எப்படிக் கேட்கிறாள் என்று பாருங்கள்.