நான் பேசாத நேரத்தில் வகுப்பு வீணாகிறதா?

கேள்வி: 12 ஆண்டுகளாக ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துவருகிறேன். நான் விளக்குவேன், கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தல் பற்றிய பயிற்சி ஒன்றுக்குச் சென்றுவந்த பிறகு வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தேன். இரைச்சல்தான் மிஞ்சியது. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கணக்கைப் போட, மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். போர்ஷனும் பின்தங்கிவிட்டது. மாணவர்களே, "நீங்களே நடத்துங்க டீச்சர்" என்கிறார்கள். பழைய முறைக்கே திரும்பிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

திரும்ப வேண்டாம். ஆனால் குழுக்களைச் சில வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். ஒருவர் போட மூவர் பார்த்து எழுதும் குழுவில், கரும்பலகையின் இடத்தை ஒரு நோட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. யோசிக்காதவர்கள் அங்கேயும் யோசிக்கவில்லை. வரிசையாக அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரு கணக்கைத் தத்தம் நோட்டில் ஐந்து நிமிடம் தாமே முயன்றுவிட்டு, அதன்பின் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பேசினால், ஒரு பெஞ்சைக்கூட நகர்த்தாமலேயே உங்கள் வகுப்பு மாணவர்களின் வகுப்பாகத் தொடங்கிவிடும்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1/2-உடன் 1/3-ஐக் கூட்டச் சொன்னால், ஒரு மாணவி 2/5 என்று எழுதுகிறாள். மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருக்கிறாள். நாம் வழக்கமாக அதை அடித்துவிட்டு, பகுதிகளைச் சமமாக்கும் முறையை இன்னொரு முறை சொல்லிக்கொடுப்போம், அவளும் தலையாட்டுவாள், தேர்வுத்தாளில் மறுபடியும் 2/5 வந்து நிற்கும். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் திருத்தினேன், அந்தப் பிழைக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கத் தோன்றாமலேயே. இனி அந்த விடையை அடிக்காமல், "இது எப்படிக் கிடைத்தது, சொல்லும்மா" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடித்ததும், 10 செ.மீ. நீளத்தில் ஒரு கோடு வரையச் சொல்லி, அதில் பாதியையும் ஐந்தில் இரண்டு பங்கையும் குறிக்கச் சொல்லுங்கள். பாதி 5 செ.மீ., ஐந்தில் இரண்டு 4 செ.மீ. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு விடை எப்படிப் பாதியைவிடக் குறைந்தது என்ற கேள்வி அவளுக்குள்ளிருந்தே எழும். பகுதிகளைச் சமமாக்கி 3/6-உம் 2/6-உம் சேர்ந்து 5/6 ஆவதை நீங்கள் விளக்க வேண்டிய நேரம் அதுதான். இப்போது அந்த விளக்கத்துக்காக அவள் காத்திருக்கிறாள்.

ஆகவே, விளக்குவதையே விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியில் யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். புதிதாகக் கற்பவர்களை வழிகாட்டுதலின்றிக் கண்டுபிடிக்க விட்டால், அவர்களின் நினைவாற்றல் தாங்க முடியாத சுமையில் திணறும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2006-ல் விரிவாகவே வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்தது, கேள்வி கேட்டபின் நாம் பொறுக்கும் நேரம். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பதிலே வராத தருணங்கள் குறைந்தன, மாணவர்கள் தாமாகக் கேட்கும் கேள்விகளும் கூடின. மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அளவு பொறுக்க வேண்டும் என்பதும் அவருடைய முடிவு. என் அனுபவத்தில் இந்த இரண்டாவது காத்திருப்புதான் கடினம், ஏனென்றால் "சரி" என்ற சொல் நம்மை அறியாமல் வாயிலிருந்து வந்துவிடுகிறது. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் சில நாள்கள் அந்த மௌனம் உங்களைச் சங்கடப்படுத்தும்.

"நீங்களே நடத்துங்க" என்ற குரலைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் உணர்ந்தார்கள். தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது புரிந்துவிட்டது போன்ற நிறைவு எளிதில் வந்துவிடுகிறது. தானாக முயலும்போது திணறல்தான் முதலில் கண்ணில் படுகிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கே இப்படியென்றால் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். இதை அவர்களிடம் மறைக்காமல் பேசுங்கள்: ஏன் இப்படி நடத்துகிறீர்கள், திணறுவது ஏன் தவறில்லை என்று பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் எதிர்ப்பு தணியும்.

போர்ஷனைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. எல்லாப் பாடங்களையும் இப்படி நடத்த நேரம் இருக்காது, நடத்தவும் வேண்டாம். ஆண்டுதோறும் விடைத்தாள்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும் இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அத்தகைய இடங்கள் ஒரு பருவத்துக்கு நான்கைந்து இருக்கலாம். மற்றவற்றை வழக்கம்போல் விளக்கிச் செல்லுங்கள். தலைமை ஆசிரியர் கேட்டால், பாடத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் போட்ட கணக்குகளை எடுத்துக் காட்டுங்கள். சத்தம் அதிகமா குறைவா என்ற பேச்சைவிட அந்தத் தாள்கள் அவருக்குப் பயன்படும்.

அடுத்து வரும் பின்னக் கூட்டல் பாடத்தில், ஒரே ஒரு பாடவேளைக்கு மட்டும் இதைச் செய்து பாருங்கள். அன்று மாணவர்கள் சொன்ன தவறான விடைகளை, அவர்கள் கொடுத்த காரணங்களோடு, ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த பாடத்தை எங்கே தொடங்குவது என்பதை அந்தக் குறிப்புகளைப் பார்த்து முடிவு செய்யலாம்.