450 ஹார்ஸ்பவர் இன்ஜினுக்கு 4,000 டாலர் போதுமா?

கேள்வி: ஓஹாயோவில் வசிக்கிறேன். பழைய 1979 கமாரோ ஒன்று வாங்கியிருக்கிறேன். செவர்லே 350 இன்ஜின். ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. 450 ஹார்ஸ்பவருக்கு ஏற்ற ஆசை. தெரிந்தவர் ஒருவர் 383 ஸ்ட்ரோக்கர் கிட் (பிஸ்டன் போய்வரும் தூரத்தைக் கூட்டி இன்ஜினைப் பெரிதாக்கும் பாகங்கள்), அலுமினிய ஹெட், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), மேனிஃபோல்டு, கார்பரேட்டர் எல்லாம் சேர்த்து 4,000 டாலருக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நண்பர் ஒருவருக்கு இதே வேலைக்கு 9,000 ஆயிற்றாம். யார் கணக்கு சரி?

பதில்: நண்பர் கணக்குதான் சரி. 4,000 டாலர் என்பது பெட்டியில் வந்து இறங்கும் சாமான்களின் விலை. அவை ஓர் இன்ஜினாக ஆவதற்கான செலவு அதில் இல்லை. இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

383 என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 350 இன்ஜினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 3.48 அங்குலம். போரை 0.030 அங்குலம் பெரிதாக்கி, செவர்லே 400 இன்ஜினில் இருந்த 3.75 அங்குல ஸ்ட்ரோக் அளவில் க்ராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போட்டால் 383 கன அங்குலம் வரும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு நல்ல தேர்வு. இன்ஜினை அலறவிடாமலே டார்க், அதாவது இழுவை, கிடைக்கும்.

தப்பு, வாங்கும் வரிசையில் இருக்கிறது. கிட்டில் வரும் பிஸ்டன் 4.030 அளவு. உங்கள் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடலின்) போர் இன்று என்ன அளவில் இருக்கிறது என்று கிட் வாங்கித் தருகிறவர் பார்த்தாரா? நாற்பது வருடம் தாண்டிய பிளாக். யாராவது ஏற்கெனவே ஒரு தடவை ரீபோர் செய்து சிலிண்டரைப் பெரிதாக்கியிருக்கலாம். எங்கள் பட்டறைக்கு ஒருவர் பிஸ்டன் முதல் கேஸ்கெட் வரை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். பிளாக்கைக் கழுவி போர் கேஜை இறக்கினோம். முதல் சிலிண்டரே 4.038 காட்டியது. முன்பே 0.030 ஏற்றி, அதுவும் தேய்ந்துபோன பிளாக். புது பிஸ்டனை விரலால் உள்ளே தள்ளினால் கலகலவென்று ஆடியது. 0.060 ஓவர்சைஸ் பிஸ்டன் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. பழையதைத் திருப்பித் தரலாம் என்றால், பில் இவர் பெயரிலேயே இல்லை. இடையில் நின்று வாங்கித் தந்த ஆளின் பெயரில் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை.

அதனால் முதலில் பிளாக், அப்புறம்தான் பிஸ்டன். இன்ஜினைப் பிரித்து, வெறும் பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்துக் கழுவி, விரிசல் பார்த்து, அளந்து வாங்குங்கள். 150 முதல் 250 டாலர் ஆகும். இந்த முழு வேலையிலும் உருப்படியாகச் செலவாகும் பணம் இதுதான்.

அதற்குப் பிறகு போரிங், ஹோனிங், மேல் தளம் சமன் செய்வது, மெயின் பேரிங் வரிசை பார்ப்பது, க்ராங்க் பேலன்ஸ் என்று 1,200இலிருந்து 1,800 வரை போகும். ஸ்ட்ரோக் கூடியதால் கனெக்டிங் ராடின் போல்ட் பிளாக்கின் அடிவிளிம்பில் இடிக்கும். அங்கே கிரைண்டரால் தேய்த்து இடம் விட வேண்டும். கேம் ஷாஃப்டிலும் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ‘பேலன்ஸ் செய்தது’ என்று பெட்டியில் ஒட்டியிருந்தாலும் நான் மறுபடி மெஷினில் ஏற்றிப் பார்க்காமல் பூட்டுவதில்லை. டேம்பர், ஃப்ளெக்ஸ்பிளேட், ஆயில் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர், ஹெடர், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 1,500. பூட்டிக் கொடுக்கக் கூலி தனி. கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் இந்தச் சக்தியைத் தாங்குமா என்பது அடுத்த செலவு.

450 என்ற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் எல்டி-1 என்ற ஒரே 350 இன்ஜினுக்கு இரண்டு எண்களை வெளியிட்டது: இன்ஜினை மட்டும் தனியாக ஓட்டி அளக்கும் பழைய முறையில் 330, காரில் இருக்கிறபடி சைலன்சர், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டி அளந்தால் 275. இன்ஜின் ஒன்றுதான், அளந்த விதம் வேறு. ஐம்பது வருடம் ஆகியும் கிட் விற்பவர்கள் ‘450 வரை’ என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ஹெட், எந்த கேம், எத்தனை ஆர்பிஎம், எப்படி அளந்தாய் என்று கேட்க ஆளில்லை. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. டைனோ (சக்தியை அளக்கும் மெஷின்) தாள் காட்டாத எண்ணுக்கு மதிப்புக் கிடையாது.

‘நாலு போல்ட் மெயின் பிளாக், அதனால் 400 டாலர் கூட’ என்றாலும் கொடுக்காதீர்கள். க்ராங்கைப் பிடிக்கும் மூடிக்கு இரண்டுக்குப் பதில் நாலு போல்ட் உள்ள வகை அது. 450க்கு நல்ல ஸ்டட் போட்ட இரண்டு போல்ட் பிளாக்கே போதும்.

மலிவு கிட்டில் பெரும்பாலும் ஃப்ளாட் டாப்பெட் கேம்தான் வரும்; அதில் கேமின் மேடு லிஃப்டரோடு (வால்வைத் தள்ளும் பாகத்தோடு) நேராக உரசும். முதல் ஸ்டார்ட்டிலேயே ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது, முப்பது நிமிடம் ஓட வைக்க வேண்டும். துத்தநாகச் சேர்க்கை அதிகம் உள்ள ஆயில் வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று சாதாரண ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜின் வைத்திருப்பவனுக்கு யாரும் சொல்லவில்லை. கேமின் ஒரு மேடு தேய்ந்தாலும் அந்த இரும்புத்தூள் ஆயிலோடு எல்லா பேரிங்கிலும் போய் உட்காரும். லிஃப்டரில் சக்கரம் உள்ள ரோலர் கேம் போடுங்கள். பழைய பிளாக்கில் ரோலர் லிஃப்டர் விலை கூடத்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். 1979 காரில் 1979 இன்ஜின்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பலர் மாற்றியிருப்பார்கள். பிளாக்கின் பின்பக்கம், டிரைவர் பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல் வார்ப்பு எண் இருக்கும். டார்ச் அடித்து, கிரீஸைச் சுரண்டிப் பாருங்கள். 3970010 என்றால் 1969 முதல் 1979 வரை வந்த பழைய வகை. 14093638 என்றால் 1987 முதல் வந்தது. அதில் கம்பெனி ரோலர் லிஃப்டரையே போடலாம், சில நூறு டாலர் மிச்சம். ஆனால் அந்தப் பிளாக்கில் க்ராங்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டு, க்ராங்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டும் வேறு; உங்களுக்குச் சொன்ன கிட் அதில் பொருந்தாமல் போகலாம். அதிலும் லாரியிலிருந்து எடுத்த பிளாக் என்றால், லிஃப்டரைப் பிடிக்கும் தகட்டுக்கான துளை சிலவற்றில் போட்டிருக்க மாட்டார்கள். மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் தெரியும். வால்வு கவர் போல்ட் நடுவில் இருக்கிறது, அதனால் புது வகை என்று முடிவுகட்டாதீர்கள். அது ஹெட்டின் அடையாளம், பிளாக்கின் அடையாளம் இல்லை.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு இன்ஜின், தெருவில் ஓட்ட, நீங்களே பூட்டும் ஆசையும் இல்லை என்றால், பூட்டி டைனோவில் ஓட்டிய தாளோடும் வாரண்டியோடும் வரும் 383 க்ரேட் இன்ஜினை விலை கேளுங்கள். அந்த நண்பர் கொடுத்ததைவிடப் பல நேரம் குறைவாகவே வரும். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இந்த வாரம் அந்த வார்ப்பு எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் க்ராங்க், எந்த கேம் என்பதை அதைப் பார்த்த பிறகு பேசலாம்.