வீட்டு நாஸ் பெட்டி: யாருக்கு எந்த ஃபோல்டர்?

கேள்வி: இரண்டு டிஸ்க் போடும் சினாலஜி நிறுவனத்தின் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் பெட்டி) வாங்கியிருக்கிறோம். வீட்டில் ஐந்து பேரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டில்தான் நுழைகிறோம். குடும்பப் படங்களை எல்லோரும் பார்க்க வேண்டும். வங்கி, சொத்து ஆவணங்கள் பெற்றோர் இருவருக்கு மட்டும். எப்படிப் பிரிப்பது?
– வாசகி, மதுரை

பதில்: முதல் வேலையாக அந்தப் பொதுப் பாஸ்வேர்டை நிறுத்துங்கள். ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்த லேப்டாப், அதில் நுழைந்திருக்கும் யூசர் எழுதக்கூடிய எல்லா ஃபோல்டரையும் பூட்டிவிடும். அட்மினாக நுழைந்திருந்தால் எதுவும் மிஞ்சாது.

பிரவுசரில் நாஸைத் திறந்து, அதன் கன்ட்ரோல் பேனலில் ‘யூசர் அண்டு குரூப்’ போய் ஐவருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள். பெட்டியைப் பராமரிக்க மட்டும் இன்னொரு கணக்கு வேண்டும். அதை மட்டும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குரூப்பில் சேருங்கள். ‘அட்மின்’ என்ற பெயரிலேயே இருக்கும் கணக்கை முடக்கிவிடுங்கள். பாஸ்வேர்டை ஊகித்துத் தாக்குபவர்கள் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான். பிறகு பெற்றோருக்கு ஒரு குரூப், பிள்ளைகளுக்கு ஒரு குரூப். அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குரூப்புக்கே கொடுங்கள். ஒருவருக்கு உரிமை மாறும்போது குரூப்பை மாற்றினாலே போதும்.

ஃபோல்டர்களைப் படம், பாட்டு, வீடியோ என்று பொருள்வாரியாகப் பிரிப்பதுதான் பலர் செய்வது. யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்பதை வைத்துப் பிரிப்பதே சரி. உங்கள் வீட்டுக்குக் குடும்பப் படங்கள், ஆவணங்கள், சினிமா என மூன்று போதும். ஒவ்வொருவரின் தனிப்பட்ட கோப்புகளுக்கு ‘யூசர் ஹோம்’ சேவையை இயக்குங்கள். ஆளுக்கொரு ‘ஹோம்’ ஃபோல்டர் தானாகவே கிடைக்கும். அதே ‘யூசர் அண்டு குரூப்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு’ என்பதன் கீழ் அது இருக்கிறது.

இனி ‘ஷேர்டு ஃபோல்டர்’, ‘கிரியேட்’. ‘எனேபிள் ரீசைக்கிள் பின்’ என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். அது இல்லையென்றால் விண்டோஸிலிருந்து அழிக்கும் கோப்பு நேராகப் போய்விடும். கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது. கடைசியில் வரும் அனுமதித் திரையில், மேலே ‘லோக்கல் யூசர்ஸ்’ என்றிருப்பதை ‘லோக்கல் குரூப்ஸ்’ என மாற்றிக்கொண்டு டிக் செய்யுங்கள். ஆவணங்களுக்குப் பெற்றோர் குரூப்புக்கு மட்டும் ‘ரீட்/ரைட்’. பிள்ளைகள் குரூப்பில் எந்தக் கட்டத்தையும் தொடாதீர்கள். அனுமதி கொடுக்காவிட்டாலே உள்ளே நுழைய முடியாது.

கேள்வி: மகனுக்கு ‘ரீட் ஒன்லி’ கொடுத்தும் அவன் படங்களை அழிக்க முடிகிறது. சரி என்று ‘யூசர்ஸ்’ குரூப்புக்கு ‘நோ ஆக்சஸ்’ போட்டால் எனக்கே ஃபோல்டர் திறக்கவில்லை. பெட்டியில் கோளாறா?
– வாசகர், ஈரோடு

பதில்: கோளாறு இல்லை. ஒருவருக்குப் பல வழிகளில் அனுமதி வந்தால் சினாலஜி ஒரு வரிசையைப் பின்பற்றுகிறது: ‘நோ ஆக்சஸ்’ எல்லாவற்றையும் வெல்லும், அடுத்து ‘ரீட்/ரைட்’, கடைசியில்தான் ‘ரீட் ஒன்லி’.

மகன் பெயரில் ‘ரீட் ஒன்லி’ இருந்தாலும், அவன் இருக்கும் ஏதோ ஒரு குரூப்புக்கு ‘ரீட்/ரைட்’ இருக்கிறது. அதுதான் வென்றது. பெட்டியில் தொடங்கும் எல்லாக் கணக்கும் ‘யூசர்ஸ்’ குரூப்பில் தானாகவே சேரும், உங்களுடையதும்தான். அதனால் அதற்கு ‘நோ ஆக்சஸ்’ போட்டதும் நீங்களும் வெளியே நிற்கிறீர்கள். பிரவுசர் வழியாக அட்மின் கணக்கில் நுழைந்து, ஷேர்டு ஃபோல்டரின் ‘எடிட்’, ‘பெர்மிஷன்ஸ்’ பகுதியில் அந்த டிக்கை எடுத்தால் திரும்பிவிடும்.

‘யூசர்ஸ்’ குரூப்பை எல்லா ஃபோல்டரிலும் காலியாகவே விட்டுவிடுங்கள். காலிக் கட்டம் வேறு, ‘நோ ஆக்சஸ்’ வேறு. காலியாக இருந்தால் இன்னொரு குரூப் மூலம் அனுமதி கொடுக்கலாம். ‘நோ ஆக்சஸ்’ அந்த வழியையும் அடைக்கும். வீட்டில் அது தேவைப்படும் இடம் மிகக் குறைவு. டிக் செய்த பிறகு யூசர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘பிரிவியூ’ பத்தியைப் பாருங்கள். கணக்குப் போட்டு வந்த இறுதி அனுமதி அங்கே தெரியும். அதைப் பார்க்காமல் ‘சேவ்’ அழுத்தாதீர்கள்.

கேள்வி: புதுக் கணக்கின் பாஸ்வேர்டைச் சரியாகத் தந்தும் விண்டோஸ் ஏற்கவில்லை. ‘ஒரே சர்வரில் பல யூசர் பெயர்களில் இணைய முடியாது’ என்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழைய கணக்கின் இணைப்பை விண்டோஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாஸுக்கு ஒரே நேரத்தில் ஒரு பெயரில்தான் அது போகும். திறந்திருக்கும் கோப்புகளை மூடிவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் யூஸ் * /டெலீட்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அடுத்து விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பட்டியலில் நாஸின் பெயரிலும் ஐ.பி. முகவரியிலும் உள்ளவற்றை நீக்குங்கள். சைன் அவுட் செய்து திரும்ப நுழைந்தால் புதிதாகக் கேட்கும். அங்கே தர வேண்டியது நாஸ் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும். விண்டோஸின் பின் எண் அல்ல.

பாஸ்வேர்டே இல்லாத ‘கெஸ்ட்’ முறையில் இதுவரை இணைத்துவந்தவர்களுக்கு வேறொரு தொல்லை. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு கெஸ்ட் இணைப்பை மறுக்கிறது. விண்டோஸில் அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தும் வழிகளை நாடாமல், நாஸில் பாஸ்வேர்டுள்ள கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஊரில் இல்லாதபோதும் ஃபோல்டரைத் திறக்க, ரவுட்டரில் 445 போர்ட்டைத் திறந்துவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடவே கூடாது. 2017இல் ‘வானாகிரை’ என்ற ரேன்சம்வேர் பரவியது அந்த போர்ட் வழியாகத்தான். வி.பி.என். (வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) அமைத்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்தபின் ஃபோல்டரைத் திறங்கள். நாஸில் ‘எஸ்.எம்.பி.’ (445 போர்ட்டில் இயங்கும் ஃபோல்டர் பகிர்வு முறை) அமைப்பின் குறைந்தபட்ச புரோட்டோகால் ‘எஸ்.எம்.பி.2’ என்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேனருக்காக ‘எஸ்.எம்.பி.1’ திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள். ஸ்கேன் செய்ததை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம்.