கூடுதல் டேங்கில் டீசல் பாதியோடு நின்றுபோவது

பம்பை மாற்றாதீர்கள், காசு வீண். மண்டபத்திலிருந்து மீன் ஏற்றும் பிக்கப்பில் 100 லிட்டர் கூடுதல் டேங்க், பாதி தீர்ந்ததும் மெயின் டேங்குக்கு டீசல் இறங்குவது நிற்கிறது என்கிறீர்கள். அநேகமாகக் காற்றுக்குழாய் அடைத்திருக்கும். டீசல் வெளியேறும் இடத்துக்குக் காற்று உள்ளே வராவிட்டால் பம்ப் இழுத்தும் பயனில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போகும் வண்டிக்கு உப்பும் மணலும் போதும், சின்னத் துளை மூடிக்கொள்ள.

அடுத்த முறை நின்றதும் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, டீசல் மறுபடி ஓடினால் அதேதான். குழாயை ஊதிச் சுத்தம் செய்து, டேங்க் மூடியைவிட உயரமாகக் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். ஓடாவிட்டால் டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியைப் பாருங்கள்.

அப்புறம், துரு பிடிக்காதென்று ஜிஐ தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) டேங்க் செய்தேன் என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. துத்தநாகம் டீசலில் கரைந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் படியும். அலுமினியத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போதே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். ஆர்சியில் இல்லாத மாற்றம் விபத்து நேரத்தில் வம்பு.