ஆறு ஆன்டெனாவா, 15 மீட்டர் ஒயரா?

கேள்வி: மதுரையில் எங்களுடையது மாடி வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கீழே ஹாலில் எந்தக் குறையும் இல்லை. மாடியின் பின்னறையில் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மீட்டிங் நடுவில் அவள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறதாம். கடைக்காரர் ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டரைக் காட்டி, "இதைப் போட்டால் மொட்டை மாடி வரைக்கும் வரும்" என்கிறார். விலை 6,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கோளாறு லைனிலா வைஃபையிலா என்று முதலில் பார்த்துவிடுவோம். மகளின் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ஃபைபர் பெட்டியில் லேன் கேபிளால் நேராகச் செருகி வேகத்தைச் சோதியுங்கள். 90க்கு மேல் காட்டினால் லைன் சரி, கம்பெனிக்குப் போன் போட்டுப் பிரயோஜனமில்லை. ஹாலில் நன்றாக வருகிறது என்கிறீர்கள், அதனால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். என் அக்கா வீட்டில் அதை பீரோவுக்குப் பின்னால், "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்று ஒளித்து வைத்திருந்தார்கள். இரும்பு பீரோ சிக்னலுக்குச் சுவர் மாதிரி. முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் கிட்டத்தட்ட அதே கதைதான். பெட்டியை வெளியே எடுத்து ஆள் உயரத்தில் மாட்டியதுமே அடுத்த அறையில் வீடியோ சுற்றுவது நின்றது. செலவு ஒரு ஆணி. ஆனால் ஃபைபர் ஒயரை நீங்களே இழுத்து மடக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடங்கினால் போச்சு. தூரமாக நகர்த்த வேண்டுமென்றால் லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

இனி அந்த ஆறு ஆன்டெனா. நட்டுவைத்த ஒரு ஆன்டெனாவிலிருந்து சிக்னல் மெதுவடை வடிவத்தில் பரவுகிறது. ஓட்டையில் செருகிய குச்சிதான் ஆன்டெனா. வடை பக்கவாட்டில்தானே இருக்கிறது? குச்சியின் நுனிக்கு நேர் மேலே ஒன்றும் பெரிதாகப் போகாது. டிபிஐ (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) அதிகம் என்று அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, அந்த எண் கூடக் கூட வடை தட்டையாகிறது. பக்கத்தில் இன்னும் தூரம் போகும், மாடிக்குப் போவது இன்னும் குறையும். கையிலிருக்கும் ரவுட்டரில் திருப்பக்கூடிய ஆன்டெனா இருந்தால் ஒன்றை மட்டும் படுக்கவைத்துப் பாருங்கள். மாடி வீட்டில் சில சமயம் அதுவே உதவும்.

இன்னொன்று, கேட்காமல் போவது உங்கள் மகளின் குரல். அது லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு வர வேண்டிய சரக்கு. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் லேப்டாப் தன் மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இதில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த 2.4இல்தான் நெரிசலாக நிற்கின்றன.

ஆகவே என் யோசனை: கீழிருந்து மாடி அறைக்கு ஒரு லேன் கேபிள். 15, 20 மீட்டர் போதும். வீட்டுக்கு வெளிப்பக்கமாகக் குழாயில் இழுத்து ஜன்னல் ஓரமாக உள்ளே விடலாம். கேட் 5இ (Cat 5e) வகைக் கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைத் தாங்கும், கேட் 6 கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் கவனம்: செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மாடி முனையில் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரையே வைக்கலாம். அக்சஸ் பாயின்ட் மோட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் வேலை மட்டும் செய்வது) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் அதன் ஐபி முகவரியை மாற்றி, டிஎச்சிபியை (போன், லேப்டாப்புகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் (WAN) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே வையுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: 2.4இல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை.

புதிதாகத்தான் வாங்குவீர்கள் என்றால், ஏசி1200 (AC1200) மாதிரி எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2.4இன் 300 எம்பிபிஎஸ்ஸையும் 5இன் 867ஐயும் கூட்டி, வரும் 1,167ஐ 1200 என்று உருட்டி எழுதியது அது, எந்த போனும் அந்த வேகத்தைக் காணாது. பார்க்க வேண்டியது போர்ட்டுகள் கிகாபிட்டா என்பதை. மலிவு மாடல்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்டே இருக்கும். நாளைக்கு நீங்கள் 200 பிளானுக்கு மாறினாலும் 95ஐத் தாண்டாது, பணம் மட்டும் கூடுதலாகப் போகும். ஏசிக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் கிடைத்தால் எடுங்கள். வைஃபை 7 இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது. சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் வாங்கினேன். படுக்கையறையில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா? (கோவை வாசகர்)

பதில்: பாதிதான். போன் காட்டுவது ரிப்பீட்டரிடமிருந்து வரும் சிக்னல். ரிப்பீட்டருக்கு ரவுட்டரிடமிருந்து என்ன கிடைக்கிறது என்பது அதில் தெரியாது. சிக்னல் செத்த அறையிலேயே அதைச் செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். 2.4 மட்டும் உள்ள மாடல் என்றால் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்பதால் வேகம் பாதியாகும். அது போதாவிட்டால் தட்டையான லேன் கேபிளைக் கதவு நிலை ஓரமாக ஒட்டிக் கொண்டுபோகலாம், துளை வேண்டாம். மெஷ் செட் (சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் இரண்டு மூன்று பெட்டிகள்) நல்லதுதான், ஆனால் ஒரு படுக்கையறைக்காக அவ்வளவு செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: கரண்ட் போனால் நெட்டும் போகிறது. இன்வெர்ட்டர் இல்லை. என்ன செய்ய?

பதில்: ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்குமுன் உங்கள் அடாப்டரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றில் 9 வோல்ட். வோல்ட் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வாங்கிவிட்டுத் திரும்பக் கடைக்குப் போகிறவர்கள் நிறைய.