ஓவியம் படித்தால் சோறு போடுமா? ஒரு அப்பாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

மகள் ஓவியம்தான் படிப்பேன், குழந்தைப் புத்தகங்களுக்குத்தான் வரைவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். அவள் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் சிவப்பு பலூன் படம் இத்தாலிய ஓவியர் இயேலா மாரி வரைந்தது. அவரை வைத்தே பேசுவோம்.

இயேலா 1931-ல் மிலானில் பிறந்தார். அதே ஊரின் பிரேரா கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். வடிவமைப்பாளர் என்ஸோ மாரியை மணந்து, மகன் பிறந்து பல வருடம் கழித்து, 1967-ல்தான் ‘சிவப்பு பலூன்’ வெளிவந்தது. ஆகவே படிப்பு முடிந்த மறுவருடமே மகள் பெயரில் புத்தகம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். இடைப்பட்ட வருடங்களுக்குக் கைவசம் வேறொரு வேலை வேண்டும். பக்க வடிவமைப்போ, பள்ளியில் ஓவிய வகுப்போ, எதுவானாலும் சரி.

அந்தப் புத்தகத்தை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு பையன் பபிள்கம் ஊதுகிறான். அது பலூனாகி மேலே போய், ஆப்பிளாகிக் கிளையில் தொங்குகிறது. அப்புறம் பட்டாம்பூச்சி, பூ, கடைசியில் மழைக்குக் குடை. மெல்லிய கோடுகளுக்கு நடுவே அந்த ஒன்று மட்டும் சிவப்பு. ஒரு வார்த்தைகூடக் கிடையாது. சிரமமெல்லாம் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவுவதில்தான். அழகாக வரையும் பிள்ளைகள் ஏராளம். இந்தத் தாவல் வருகிறவர்கள் குறைவு. பதிப்பாளர் தேடுவது இவர்களைத்தான்.

காசு விஷயமும் இதில் இருக்கிறது. பொதுவாக ராயல்டியை, அதாவது விற்பனையிலிருந்து கிடைக்கும் பங்குத் தொகையை, எழுத்தாளரும் ஓவியரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். சொல்லில்லாத புத்தகத்தில் கதையும் படமும் ஒருவரே என்றால் பங்கு கேட்க ஆளில்லை. மொழிபெயர்ப்புச் செலவும் இல்லாததால் வேறு நாட்டுப் பதிப்பகங்களுக்கு உரிமையை விற்பதும் சுலபம். இயேலாவின் ‘ஆப்பிளும் பட்டாம்பூச்சியும்’ போன்ற சில புத்தகங்களில் கணவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். கூட்டாக வேலை செய்வது நல்லதுதான். ஆனால் யார் பெயர், எவ்வளவு பங்கு என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கலைக் கல்லூரியில் இதைச் சொல்லித்தருவது அபூர்வம்.

இப்போதைக்குக் கல்லூரி விண்ணப்பத்தைத் தடுக்காதீர்கள். இந்த விடுமுறையில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: சொல்லே இல்லாமல் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கதை. இயேலாவின் ‘மரம்’ புத்தகத்தில் ஒரே மரம்தான் வருடம் முழுக்க மாறிக்கொண்டே போகும். அதைப்போல எளிய விஷயமாக எடுக்கட்டும். முடித்ததும் நீங்கள் விளக்கம் கேட்காமல் பாருங்கள். கதை புரிகிறதா என்று பக்கத்து வீட்டுக் குழந்தையிடமும் காட்டுங்கள்.

புரிந்தால், அதிலிருந்து சிறந்த ஐந்து படங்களை அவள் தனியே எடுத்து வைக்கட்டும். இத்தாலியின் போலோன்யா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் குழந்தைப் புத்தகச் சந்தையின் ஓவியர் கண்காட்சிக்கு ஐந்து படங்கள்தான் கேட்கிறார்கள். புத்தகம் வெளியிடாதவர்களும் அனுப்பலாம். பன்னிரண்டு பக்கத்தைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள். வடிவமைப்புப் படிப்புகளைப் பற்றி அவளிடமே பேசுகிறேன்.