3 மணி வரை பசியே தெரியவில்லையா?

தம்பி, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் காலை ஷிப்ட், 3 மணி வரை பசியே தெரிவதில்லை, வீட்டுக்கு வந்ததும் சோற்றுச் சட்டியையே காலி செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள்.

பசி எங்கேயும் போகவில்லை. ஒட்டுக்கடையில் வரிசையாகக் குடிக்கும் தே தாரே, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், அதை அமுக்கி வைக்கிறது. அதில் ஊற்றும் கெட்டிப்பால் கொஞ்சமா என்ன! வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டித்தான் ஏறும். அதனால் பசிக்காவிட்டாலும் கொஞ்ச நாளைக்கு 10 மணி வாக்கில் இரண்டு தோசையாவது பசியாறுங்கள். அப்புறம் வயிறே கூப்பிடும்.

எல்லோருக்கும் வயிறு இரையாது. சிலருக்குத் தலை கனக்கும், சிலருக்கு மண்டோர் (மேற்பார்வையாளர்) மேல் காரணமில்லாமல் எரிச்சல் வரும். அதுவும் பசிதான். இனிப்புநீர் (நீரிழிவு) மருந்து எடுப்பவராக இருந்து கை நடுங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள்; உடனே இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு, கிளினிக்கிலும் சொல்லிவையுங்கள்.